புதுப்பிப்பு: மன்னார்குடி பக்கம் தனியாக இருக்கும் அம்மா

அப்பா போன பிறகு அம்மா சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார், சென்னையிலிருந்து நான் என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் 14567 எண்ணைச் சொன்னீர்கள். முதியோருக்கான இலவச உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை.

கூப்பிட்டேன். பேசப் பேச நானே அழுதுவிட்டேன். எடுத்த பெண் அவசரப்படுத்தவே இல்லை. அப்புறம் அம்மாவிடம் பேசினார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல், சம்பா நடவு முடிந்ததா என்று தொடங்கினாராம். அம்மா அரை மணி நேரம் பேசியிருக்கிறார்! அப்பா போனதிலிருந்து என்னிடம்கூட அவ்வளவு பேசவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார். அவர் வரும் நாளில் அம்மா காபி போட்டு வைத்துக் காத்திருக்கிறார்.

2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. அது பிள்ளைகள் கவனிக்காதபோது பராமரிப்புத் தொகை கேட்கும் வழி. எங்கள் சிக்கல் பணமில்லை, தனிமை.

இரவுத் தூக்கம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. 24 மணி நேரமும் பேசலாம் என்பதால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.