2028 முழு சூரிய கிரகணம்: சிட்னியில் மகள் வீட்டு மாடியா, கிம்பர்லியில் பழங்குடி மக்களோடு நடையா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்

வணக்கம். கடலூரில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் நெருப்பு வளையம் தெரிந்தது. எங்களுக்குக் கிடைத்தது பகுதி கிரகணம்தான். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய், அட்டையில் ஊசித்துளை போட்டு மணலில் பிறை பிறையாக விழுவதைக் காட்டினேன். "முழுசா மறைஞ்சா எப்படி இருக்கும் சார்?" என்று ஒரு பையன் கேட்டான். புத்தகத்தில் இருப்பதைத்தான் சொன்னேன். நானே பார்த்ததில்லையே. அன்றிலிருந்து ஒரு முழு கிரகணமாவது பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

மகள் சிட்னியில் இருக்கிறாள். 2028 ஜூலை 22 அன்று முழு கிரகணத்தின் பாதை ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் கிம்பர்லியில் நுழைந்து, டெனன்ட் க்ரீக், பெர்ட்ஸ்வில், டப்போ வழியாக சிட்னியைத் தாண்டி நியூசிலாந்து போகிறது. சிட்னியில் பிற்பகல் 2 மணி வாக்கில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் இருள். "மாடியில நின்னே பாக்கலாம்பா, எதுக்கு அலையணும்?" என்கிறாள் மகள்.

மருமகன் வேறு யோசனை சொல்கிறார். கிம்பர்லியில் அந்த நிலத்துக்குரிய பழங்குடி மக்களே வழிகாட்டிகளாக இருந்து, சில நாள் காட்டு வழியே நடத்திக் கூட்டிப் போய், நடுவில் கிரகணம் பார்க்க வைக்கும் பயணம். பாதையின் நடுக்கோட்டில், உச்ச இடத்தில் 5 நிமிடம் 10 நொடி. ஆசை இழுக்கிறது. ஆனால் மனைவிக்கு முழங்கால் வலி. இன்னொரு தயக்கமும் உண்டு. என் அம்மா இருந்தவரை கிரகணத்தன்று ஊறுகாய் ஜாடியில்கூட தர்ப்பை கிள்ளிப் போடாமல் விடமாட்டார், வாசற்படி தாண்டமாட்டார். அந்த மக்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால்? காசு கொடுத்துவிட்டோம் என்பதற்காக அவர்கள் மண்ணில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பது சரியா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம் வான்நோக்கி

சார், வானிலையை மட்டும் வைத்துச் சொன்னால் கிம்பர்லிதான். ஜூலை அங்கே வறண்ட பருவம், வானம் பெரும்பாலும் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். சிட்னிக்கு அது குளிர்காலம், மேகம் வர வாய்ப்பு அதிகம். தவிர, கிரகணம் அமாவாசையில்தானே வரும்? முகாமில் தூங்கும் இரவுகளில் நிலா தொந்தரவு இருக்காது. ஜூலையில் பால்வீதியின் மையம் அவர்களுக்குத் தலைக்கு மேலே வரும். நாம் நட்சத்திரங்களைச் சேர்த்து உருவம் பார்க்கிறோம். அவர்கள் நடுவே உள்ள கருந்திட்டுகளைச் சேர்த்து ஈமுப் பறவையைப் பார்க்கிறார்கள். தென்சிலுவை விண்மீன் கூட்டத்துக்குப் பக்கத்துக் கரும்பொட்டு அதன் தலை. அதை அவர்கள் விரல் நீட்டிக் காட்டிப் பார்ப்பதற்கே போகலாம்.

காத்திருக்கலாம் என்று நினைத்தால், 2031 மே 21-ல் மதுரை, தேனி பக்கம் வருவது வளைய கிரகணம். இந்தியாவில் அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20, அதுவும் லடாக் பக்கம்.

லாஸ்பேட்டை மாஸ்டர்

சார், நான் 2012-ல ஆஸ்திரேலியாவுல கெய்ன்ஸ்ல ஒரு ஹோட்டல் கிச்சன்ல வேலையா இருந்தேன். அந்த வருசம் நவம்பர் 14 காலையில அங்க முழு கிரகணம். முந்தின நாள் லீவு போட்டு, மாஸ்மன் கார்ஜ் பக்கம் குக்கு யலாஞ்சிங்கிற பழங்குடி ஜனங்க கூட்டிட்டுப் போற காட்டு நடைக்குப் போனேன். கிம்பர்லி வேற மண்ணு, வேற ஜனங்க. இருந்தாலும் உங்க கேள்விக்கு உதவும்னு எழுதுறேன்.

காட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி பச்சை இலையும் பட்டையும் போட்டுப் புகை மூட்டி, அதுக்குள்ள எங்களை ஒவ்வொருத்தரா நடக்க வெச்சாங்க. கைடு வயசானவரு. காட்டைப் பார்த்து அவர் பாஷையில உரக்கக் குரல் கொடுத்தாரு. இன்னார் வந்திருக்காங்கன்னு முன்னோருக்குச் சொல்றதாம். எல்லைச்சாமிகிட்ட சொல்லிட்டு ஊருக்குள்ள போறோமே, அந்த மாதிரி.

நடைன்னா வேகமா போறதே கிடையாது. பத்தடிக்கு ஒரு நிறுத்தம். ஒரு இலையைக் கசக்கி ஆத்துத் தண்ணியில தேய்ச்சாரு, நுரை பொங்குச்சு, எல்லாரும் கை கழுவினோம். இன்னொரு செடியைத் தூரத்துல இருந்தே காட்டுனாரு. இதய வடிவ இலை, மேல பூனைமயிர். தொட்டா மாசக்கணக்குல வலி விடாதாம். இலையைச் சுருட்டிக் கட்டுன ஒரு எறும்புக் கூட்டைப் பிரிச்சாரு பாருங்க, அசந்துட்டேன். நம்ம பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புல கடிச்சுக் குதறுமே முசுறு, அதே இனம்தான். அங்க வயிறு மட்டும் பச்சையா இருக்கு. நாக்குல வெச்சா எலுமிச்சம்பழப் புளிப்பு. சளிக்குக் கொடுப்பாங்களாம்.

சமையல்காரனா என்னைக் கட்டிப் போட்டது அங்க பிளாக் பீன்னு சொல்ற பெரிய கொட்டைதான். பச்சையா தின்னா விஷம். அதைச் சீவல் சீவலா அரிஞ்சு, கூடையில போட்டு, ஓடுற தண்ணியில நாள்கணக்கா வெச்சு, விஷம் இறங்கினப்புறம் இடிச்சு மாவாக்கிச் சுடுவாங்க. தண்ணி தேங்கியிருக்கக் கூடாது, ஓடணும். சீவல் தடிமனா இருந்தா உள்ள விஷம் தங்கிடும். அளவு தெரிஞ்ச கை. இருபது வருசமா அடுப்படியில நின்ன எனக்கு அந்தக் கையைப் பார்த்துக் கும்பிடணும்னு தோணுச்சு.

மறுநாள் விடியக்காலையில கடற்கரை. 6:38-க்கு முழுசா மறையணும். கிழக்க மேகம் அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. கெய்ன்ஸ்ல நிறையப் பேரு மேகத்தால பார்க்காமலே போயிட்டாங்க. எங்களுக்குக் கடைசி நேரத்துல விலகிச்சு. ரெண்டு நிமிசம் சார். சூரியன் இருந்த இடத்துல கறுப்பு வட்டம், சுத்தி வெள்ளையா ஒளி இழை இழையா நீண்டு நிக்குது. மேல சுக்கிரன் பளிச்சுன்னு. காத்து சட்டுனு குளுந்துச்சு. அந்தக் கைடும் எங்களோட நின்னு பார்த்தாரு. "உங்க ஜனங்க இதைப் பத்தி என்ன சொல்வாங்க?"ன்னு கேட்டேன். "அதை நான் சொல்லக் கூடாது, பெரியவங்க சொல்லணும்"னாரு. நான் மேல கேக்கலை.

அதனால என் யோசனை: நடைக்குன்னு போங்க, கிரகணம் கூட வந்தா வரட்டும். முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. அந்த மக்களே நடத்துறதா, இல்ல வெளியூர் கம்பெனி நடத்தி அவங்களை வாசல்ல வரவேற்க மட்டும் நிக்க வைக்குதா? ரெண்டாவதா இருந்தா சிட்னி மாடியே மேல்.

திருப்பாதிரிப்புலியூர் தேன்மொழி

சரியா என்று நீங்கள் கேட்டதே எனக்குப் பிடித்தது சார். 2023 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவில் வளைய கிரகணம் நவஹோ பழங்குடி மக்களின் நிலத்துக்கு மேலேயே போனது. உலகம் முழுக்க மான்யுமென்ட் வேலிப் பாறைகளுக்கு நடுவே படம் எடுக்கத் துடித்தது. அவர்கள் அந்த நேரத்துக்குப் பூங்காவைப் பூட்டிவிட்டார்கள். கிரகண நேரத்தில் வீட்டுக்குள் இருப்பது, சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், தூங்காமல் இருப்பது, நிமிர்ந்து பார்க்காமல் இருப்பது அவர்கள் வழக்கம். எவ்வளவு வருமானம் போயிருக்கும்! அப்படியும் பூட்டினார்கள். நம் பாடலீஸ்வரர் கோயில் நடை சாத்தியிருக்கும்போது யாராவது வந்து திறக்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆஸ்திரேலியாவில் எல்லோருக்கும் ஒரே வழக்கம் கிடையாது. நடுப்பகுதி வார்ல்பிரி மக்களிடம் சூரியன் பெண், சந்திரன் ஆண், இருவரும் கூடுவதே கிரகணம் என்று பதிவாகியிருக்கிறது. கிம்பர்லியிலேயே ஙாரின்யின், வுனாம்பல், வொரோரா என்று தனித்தனி மக்கள். வாஞ்சினா என்ற ஆதி ஆவிகளை வரைந்த பாறை ஓவியங்கள் அவர்களுடையவை. சில ஓவியங்களைப் படம் எடுக்கக் கூடாது என்றால் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அவர்களே அழைத்தால் தயங்காமல் போங்கள். வேறு யாரோ அவர்கள் பெயரைச் சொல்லி அழைத்தால் வேண்டாம்.

புதுச்சேரி பீச் ரோடு

மேகம் பற்றிப் பேச எங்கள் ஊருக்கு உரிமை உண்டு! லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க வந்தவர். 1761-ல் போர் காரணமாகப் புதுச்சேரியில் இறங்க முடியாமல் கப்பலிலேயே கழிந்தது. எட்டு வருடம் இந்தப் பக்கமே தங்கி, 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரியில் கருவியோடு காத்திருந்தார். மேகம் மூடிவிட்டது. முதலில் அவர் போய், அங்கிருந்தே பார்க்க நினைத்த மணிலாவில் அன்று வானம் தெளிவு.

ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. இங்கே ஒரு தமிழர் மனப்பாடமாகச் சூத்திரம் சொல்லி, தரையில் சோழியை நகர்த்தியே கிரகணம் கணிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவை அந்த முறையில் போட்டுப் பார்த்தபோது பிசகு 41 நொடி. ஐரோப்பாவில் அப்போது பேர்போன, மேயர் என்ற வானியலாளரின் நிலவு அட்டவணையில் பிசகு 68 நொடி. வானம் ஏமாற்றினாலும் ஊர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்தது வீணாகவில்லை. மாஸ்டர் சொல்வதும் அதுதான் என்று படுகிறது.

மஞ்சக்குப்பம் வாத்தியார்

எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கொட்டையில் விஷம் இறக்குவதைக் கேட்டதும், "முட்டி வலிச்சா வலிக்கட்டும், போலாம்" என்கிறாள்! கிம்பர்லி என்று முடிவு செய்துவிட்டோம். நடத்துவது யார், நிலத்துக்குரியவர்களின் அனுமதி உண்டா, கிரகண நேரத்தில் எங்கே எப்படி இருக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டு மருமகன் மூலம் எழுதப் போகிறேன். கண்ணாடி எது வாங்குவது?

லாஸ்பேட்டை மாஸ்டர்

ஐ.எஸ்.ஓ. 12312-2-ன்னு தரக்குறி அச்சடிச்ச கிரகணக் கண்ணாடியா, நம்பிக்கையான கடையில வாங்குங்க சார். போட்டுக்கிட்டா வீட்டு பல்பு தெரியக் கூடாது, சூரியன் மட்டும் தெரியணும். கடைசி ஒளிப்பொட்டு அணையுற வரைக்கும் கழட்டாதீங்க. முழுசா மறைஞ்சப்புறம் கழட்டிட்டு வெறும் கண்ணால பாருங்க. ஓரத்துல மறுபடி மின்னுன உடனே மாட்டிக்கோங்க. போனை நோண்டிக்கிட்டு அந்த அஞ்சு நிமிசத்தைத் தொலைச்சிடாதீங்க.

உங்க வீட்டம்மா முழங்காலுக்கு: தினமும் மூட்டையைக் கட்டிக்கிட்டு நடக்கிறதா, இல்ல ஒரே இடத்துல முகாம் போட்டுச் சின்னச் சின்ன நடையா போயிட்டுத் திரும்புறதான்னு அந்தக் கடிதத்துலயே கேட்டுடுங்க. அங்க பாறையும் செம்மண்ணும்தான். ஜூலையிலயும் பகல்ல முப்பது டிகிரி வரும், ராத்திரி குளிரும். கிம்பர்லியில இருக்கிற குனுனுரா சின்ன ஊரு, ரூம் சீக்கிரம் தீர்ந்துடும். பதில் வந்ததும் இங்கயே போடுங்க, எனக்கும் வரணும்னு இருக்கு.