வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பாம்பு: கண்டங்கருவழலையா, ஓநாய்ப் பாம்பா?

நெய்தல்: நேற்றிரவு எங்கட தொடர்மாடியில் படிக்கட்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றரை அடி இருக்கும், கபில நிறம், வெள்ளைக் கட்டுகள். கீழ்வீட்டு ஐயா விஷப்பாம்பான கண்டங்கருவழலை என்று தும்புத்தடியோடு வந்திட்டார். அடிக்க விடேல்ல. கிட்ட எடுத்த படம் போட்டிருக்கிறன், பாருங்கோ.

செதிலன்: இது மனிசருக்கு ஆபத்தில்லாத ஓநாய்ப் பாம்பு. கழுத்தடிப் பட்டை அகலமாக இருக்கு, வால் பக்கம் போகப்போக மங்குது. கண்டங்கருவழலையில் மறுவளமாக, முன்பக்கம் மங்கி வால் பக்கம் தெளிவாக இருக்கும். தலையும் தட்டை, கழுத்தை விட அகலம்.

மருதானை ரவி: தம்பி, நீங்கள் சொல்ற பட்டைக் கணக்கு உலர்வலயத்துக் கண்டங்கருவழலைக்குத்தான் சரி. கொழும்பு ஈரவலயம். இங்க கவனிக்க வேண்டியது இலங்கைக்கே உரிய மற்றக் கண்டங்கருவழலை இனம், பங்காரஸ் சிலோனிகஸ். அதன்ர வளையங்கள் வயிற்றையும் சுற்றி வரும், முன்பக்கமும் தெளிவாக இருக்கலாம். நிறத்தை நம்பச் சொல்லிக் குடுக்காதேங்கோ.

செதிலன்: நிறத்தை மட்டும் நம்பச் சொல்லேல்ல அண்ணை. படத்தைப் பெருப்பிச்சு நடுமுதுகைப் பாருங்கோ. இரண்டு கண்டங்கருவழலைக்கும் முதுகெலும்புக்கு மேலால ஒரு வரிசைச் செதில் மட்டும் பெரிசாக, அறுகோணமாக இருக்கும். இதில் எல்லாச் செதிலும் ஒரே அளவு. வாலடிச் செதில்களும் ஓநாய்ப் பாம்பில் இரட்டையாகப் பிரிஞ்சிருக்கும், கண்டங்கருவழலையில் பிரியாது. சுவரேறுறதும் ஓநாய்ப் பாம்பின்ர பழக்கம். பல்லிக்குப் பின்னால போகும்.

மருதானை ரவி: படத்தில் பார்க்கலாம். இருட்டுப் படிக்கட்டில் ஆர் செதில் பார்க்கிறது? கண்டங்கருவழலை கடிச்சால் பெரிசா நோகாது. நித்திரையில் கடிபட்டவருக்குத் தெரியவே வராது, சில மணித்தியாலத்தில் கண்மடல் விழும், பிறகு மூச்சுத் தசை. இங்க ஆஸ்பத்திரிகளில் காலங்காலமாகப் பாவிக்கிற இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கண்டங்கருவழலை, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலின்ர விஷத்தில் செய்தது. சிலோனிகஸ் அதில் இல்லை. கட்டுப் போட்ட எதையும் விஷப்பாம்பு என்றே எடுக்கவேணும்.

செதிலன்: தொடாமல் விலகி நிக்கிறதுக்கு அந்தக் கணக்கு சரி. அடிக்கிறதுக்குச் சரியில்லை. மனிசருக்கு ஆபத்தில்லாத சீவன்கள் நூற்றுக்கணக்கில் இப்படித்தான் சாகுது.

குறிஞ்சி: சிங்களத்தில் மல் ரதனகயா என்கிற ஓநாய்ப் பாம்பு இனம்தானே இது? அது இலங்கைக்கு மட்டும் உரியது என்று படிச்சனாங்கள்.

செதிலன்: அந்த இனமா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்லமாட்டன். ஆனால் இலங்கைக்கு மட்டும் உரியது என்றது இப்ப இல்லை. கொழும்பு மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஒஸ்மன் ஹில்லின்ர பெயரில் பாம்பு ஆய்வாளர் டெய்லர் 1950இல் அதுக்கு லைக்கோடொன் ஒஸ்மன்ஹில்லி என்று அறிவியல் பெயர் வைத்தார். 2018இல் ஆய்வாளர்கள் கணேஷும் வோகலும் அதை குந்தர் 1864இல் பெயரிட்ட இந்திய இனமான லைக்கோடொன் ஆனமலென்சிஸோடு சேர்த்திட்டினம்.

குறிஞ்சி: எங்கட பாம்பை இந்தியப் பாம்பாக்கினதை நான் ஏற்கமாட்டன். வெளித்தோற்றம் ஒத்திருந்தால் போதுமா? இடையில் கடல் இருக்கு.

மருதானை ரவி: இதில் நான் செதிலன் பக்கம். பெயர் வைக்க ஆதாரமான மூல மாதிரிகள் இரண்டும் ஒத்திருக்கு என்றுதான் சேர்த்தவை. ஒரே இனம் என்றால் முந்தின பெயர்தான் நிற்கும், நாட்டுப்பற்றுக்கு அதில் இடமில்லை. பிரிக்கவேணும் என்றால் செதில் கணக்கோ மரபணுவோ கொண்டு வாங்கோ.

நெய்தல்: ஐயாவுக்கு நடுமுதுகுப் படத்தைக் காட்டினன். தும்புத்தடியை உள்ளே வைச்சிட்டார், ஆனால் கதவடியில் துணி அடைச்சிருக்கிறார்.

மருதானை ரவி: துணி இருக்கட்டும். ஆரும் நிலத்தில் படுக்கிறதென்றால் நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகச் சொல்லுங்கோ.