கிரேக்க வரலாறு எந்த மண்ணடுக்கில் தொடங்குகிறது?

ஏட்டுவாசகி
அனைவருக்கும் வணக்கம். கிரேக்கத்தின் தொன்மை பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். ஒரு நூல் கிரீட் தீவின் நோசோஸ் அரண்மனையிலிருந்து தொடங்குகிறது, இன்னொன்று மைசீனிக் கோட்டையிலிருந்து தொடங்குகிறது, மூன்றாவதோ கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய அனைத்தையும் ஒரே பக்கத்தில் முடித்துவிடுகிறது. நோசோஸில் வாழ்ந்தவர்களைக் கிரேக்கர்கள் என்று சொல்லலாமா? பானையும் சுவரும் மட்டும் கிடைக்கும் இடத்தில், அங்கிருந்தவர்கள் இன்ன மொழி பேசினார்கள் என்பதை அகழாய்வாளர்கள் எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்?

மண்ணடுக்கு
வணக்கம் அம்மா. உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை சொன்னால் மற்றதற்கும் விடை கிடைத்துவிடும் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மொழியைத் தீர்மானித்தவை களிமண் பலகைகள்தாம். அரண்மனைக் கணக்கர்கள் ஈரக் களிமண்ணில் கீறி வெயிலில் காயவைத்த அந்தப் பலகைகள் நிலைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அரண்மனைகள் தீப்பிடித்து எரிந்தபோது அவையும் செங்கல் போல வெந்து இறுகியதால்தான் நமக்குக் கிடைத்தன.

1900இல் நோசோஸைத் தோண்டத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ் அங்கு இரண்டு வகை வரியெழுத்துகளைக் கண்டு, பழையதற்கு லீனியர் ஏ என்றும் பிந்தையதற்கு லீனியர் பி என்றும் பெயரிட்டார். கிரீட்டின் மக்களை மினோவர்கள் என்று அழைத்த அவர், இரண்டு எழுத்துகளுமே கிரேக்கம் அல்லாத மொழிக்கு உரியவை என்பதில் உறுதியாக இருந்தார்; ஆனால் 1941இல் அவர் மறையும் வரை பெரும்பாலான பலகைகள் வெளியிடப்படவே இல்லை. அவருடைய உழைப்பின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு என்றாலும், அந்தத் தாமதத்தை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாகவே இருக்கிறது.

1939இல் கிரேக்கப் பெருநிலத்தின் தென்மேற்கே, பைலோஸில், ஓர் ஒலிவத் தோப்பில் கார்ல் பிளெகன் வெட்டிய முதல் குழியே ஆவண அறைக்குள் இறங்கியது. போர் குறுக்கிட்டதால் அந்தப் பலகைகள் 1951இல்தான் அச்சேறின. இதற்கிடையில் அமெரிக்காவில் ஆலிஸ் கோபர், காகிதம் கிடைக்காத போர்க்காலத்தில் பழைய தாள்களைக் கத்தரித்து அட்டைகளாக்கி, சொற்களின் ஈறுகள் ஒழுங்காக மாறுவதைக் கண்டறிந்து, அந்த மொழிக்கு வேற்றுமை உண்டு என்று நிறுவினார். அவர் 1950இல் காலமானார். அந்த அடித்தளத்தின் மேல் நின்றுதான், கட்டடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ், லீனியர் பி பலகைகளின் மொழி கிரேக்கமே என்று 1952இல் அறிவித்தார்.

ஐயப்பட்டவர்களைப் பெரும்பாலும் இணங்க வைத்தது பைலோஸின் ஒரே ஒரு பலகை. வென்ட்ரிஸ் தம் வாசிப்பை வெளியிட்டபோது அதைப் பார்த்திருக்கவில்லை. அதில் முக்காலிக் கொப்பரையின் படத்துக்கு அருகே 'திரிபோ' என்றும், நான்கு கைப்பிடிச் சாடிக்கு அருகே 'கெத்ரோவே' என்றும், கைப்பிடியே இல்லாத சாடிக்கு அருகே 'அனோவே' என்றும் இருந்தன. அசைகளுக்கு அவர் தந்த ஒலியும் எதிரே கணக்கர் வரைந்த படமும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

கடலோடி
மேலே உள்ள பதிலுடன் உடன்படுகிறேன். ஆனால் நோசோஸ் பற்றிய கேள்வி பாதியில் நிற்கிறது. அங்கு லீனியர் பி வழங்கியது அரண்மனையின் பிற்காலத்தில் மட்டுமே. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் புழங்கிய லீனியர் ஏ இன்னும் பொருள் அறியப்படாமல் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான குறிகளுக்கு அதே ஒலியைத் தந்து படித்தால், கணக்கின் முடிவில் 'மொத்தம்' என்று வரவேண்டிய இடத்தில் லீனியர் ஏ 'குரோ' என்கிறது. லீனியர் பி அங்கே 'தோசோ' என்கிறது, அது 'இத்தனை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். ஆகவே அரண்மனையைக் கட்டிய மினோவர்களைக் கிரேக்கர்கள் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. பின்னாளில் அங்கு கணக்கு எழுதிய ஆட்சி கிரேக்க மொழியில் எழுதியது என்று சொல்லலாம்.

ஏட்டுவாசகி
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் எழுத்து ஏன் நின்றுபோனது? மொழியும் உடன் அறுந்ததா?

மண்ணடுக்கு
ஆடு, கம்பளி, எண்ணெய், வெண்கலம் ஆகியவற்றின் இருப்பைக் குறிக்கும் அரண்மனைக் கணக்கர்களுக்கு மட்டுமே தேவைப்பட்ட எழுத்து அது. கி.மு. 1200ஐ ஒட்டி அரண்மனைகள் விழுந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. கிரேக்கர்கள் மீண்டும் எழுதியது, பினீசியரிடமிருந்து நெடுங்கணக்கைக் கற்ற பிறகு, கி.மு. 8ஆம் நூற்றாண்டில்.

பேச்சு அறுபடவில்லை. முன்பு சொன்ன பலகையில் அந்தச் சாடிகளின் பெயர் 'திபா'. ஹோமரின் இலியட்டில் பைலோஸ் அரசன் நெஸ்டரின் கிண்ணம் 'தெபாஸ்' என்று வருகிறது. பலகையில் உள்ளது பெரிய சாடி, காவியத்தில் வருவது குடிகலம் என்றாலும் சொல் ஒன்றுதான். அந்தக் கிண்ணத்துக்கும் நான்கு கைப்பிடிகள்.