கையால் வலை பின்னக் கற்றுத்தருபவர் ஒகேனக்கல் பக்கம் இருக்கிறார்களா?

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். எனக்குப் பென்னாகரம். என் தாத்தா காவிரியில் மீன் பிடித்தவர். அவருடைய வீச்சு வலை பரணில் இருந்து கிடைத்தது. ஓரமெல்லாம் ஈயக் குண்டு, நடுவில் எலி கடித்த பெரிய ஓட்டை. அதை அவர் பின்னிய மாதிரியே நானே சரிசெய்ய ஆசை.

ஒரு மாதமாக வலை ஊசியில் நைலான் நூல் சுற்றிப் பழகுகிறேன். 2 செ.மீ. அகல மூங்கில் பட்டையை அளவுக்கு வைக்கிறேன். இழுத்துப் பிடித்தால் வலைக்கண் 4 செ.மீ. வருகிறது. சிக்கல் முடிச்சில்தான். மேல் கண்ணைப் பெருவிரலால் அழுத்தி, ஊசியைப் பின்னால் சுற்றி எடுத்து இறுக்கும்போது, பத்தில் மூன்று முடிச்சு கண்ணுக்குக் கீழே வழுக்கி விழுந்துவிடுகிறது. விரலைத் தவறாக வைக்கிறேனா, நூல்தான் வழுவழுப்பா? பருத்தி நூலில் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், உச்சியிலிருந்து கீழே போகப்போக வலை விரிய, எத்தனை வரிசைக்கு ஒருமுறை கண் கூட்ட வேண்டும்? தாத்தா வலையில் எண்ணிப் பார்த்தேன், ஓட்டைக்குள்ளேயே கணக்கு தொலைந்துவிடுகிறது.

ஒகேனக்கல், ஊட்டமலை, கிருஷ்ணகிரி அணைப் பக்கம் கையால் பின்னும் பெரியவர்கள் யாரையாவது தெரிந்தால், முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன். அவர்கள் நேரத்துக்கு உரிய கூலியும் தருகிறேன்.