எமிஸ் ஆப்பால (பள்ளி விவரத்தையெல்லாம் அரசுக்கு ஏத்தற ஆப்) ஹெச்எம் நல்லா நிர்வாகம் பண்றாரா, டேட்டா என்ட்ரி ஆளா ஆயிட்டாரா?

ஈராசிரியர் பள்ளி:
தொடக்கப் பள்ளில 60 பசங்க வரைக்கும் ரெண்டு டீச்சர்தான்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே (ஆர்டிஇ) சொல்லுது, எங்க ஸ்கூல்ல அதுல ஒருத்தரான நான்தான் ஹெச்எம். அஞ்சு கிளாஸையும் ரெண்டு பேர் பிரிச்சு எடுக்கறோம். இதுக்கு நடுவுல அட்டென்டன்ஸ், காலை உணவு, எண்ணும் எழுத்தும் (அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம்) மதிப்பீடு, நோட்டு புக் குடுத்த கணக்கு, எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) தீர்மானம்னு எல்லாத்தையும் போன்ல ஏத்தணும், எங்க ஊர்ல சிக்னல் வேற கிடையாது. பசங்க படிக்கறத நான் எப்ப பாக்கறது?

கணக்கு வாத்தியார்:
சார், இதெல்லாம் முன்னாடி பேப்பர்ல எழுதிட்டுதானே இருந்தோம்? டிசி வாங்கிட்டுப் போன பையன் வேற ஸ்கூல்ல சேர்ந்தானா இல்லையான்னு அப்ப யாருக்குத் தெரியும்? இப்ப வேற ஸ்கூல்ல சேர்ற வரைக்கும் ஆப்ல காமன் பூல்ங்கற பொதுப் பட்டியல்ல பேர் நிக்குது, தேடிப் பிடிக்கலாம். எங்க ஹெச்எம் மேடம் வெள்ளிக்கிழமை ஆனா வருகைப் பதிவ எடுத்து உக்காந்துடுவாங்க, திங்கக்கிழமை லீவு போடறவங்கள்ல பாதிப் பேர் ஒரே தெருன்னு அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. அம்மா அப்பா செங்கல் சூளைக்குப் போயிடறாங்க, தம்பி தங்கச்சியப் பாத்துக்க பெரிய புள்ள வீட்ல நிக்குது. நேர்ல போய் பேசி பக்கத்து அங்கன்வாடில சின்னதுங்கள சேத்து விட்டாங்க. டேட்டா இல்லாம இது நடந்திருக்காது.

ஈராசிரியர் பள்ளி:
உங்க மேடம் செஞ்சது பெரிய விஷயம், மறுக்கல. ஆனா உங்க ஸ்கூல்ல கிளார்க் இருக்காங்க, பதிவு பண்ண ஆள் இருக்கு, அதனால மேடத்துக்கு உக்காந்து பாக்க நேரம் இருக்கு. எனக்கு ஏத்தறதுலயே பொழுது போயிடுது. மீட்டிங்ல கேக்கறதும் "உங்க பள்ளி ஏன் இன்னும் முடிக்கல"ன்னுதான், அரும்புங்கற ஆரம்ப நிலையிலயே நிக்கற புள்ளைங்களுக்கு என்ன உதவி வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்ல.

எஸ்எம்சி அம்மா:
நடுவுல வர்றேன் சார். குழுவுல முக்கால்வாசி பெத்தவங்கதான் இருக்கணும்னு சட்டம் இருக்கு, ஆனா ஆப்ல என்ன ஏத்துனீங்கன்னு எங்களுக்கு யாருமே காட்டறதில்ல. எத்தன புள்ள அரும்பு, எத்தன புள்ள அடுத்த நிலைங்களான மொட்டு, மலர்னு கூட்டத்துல ஒரு தாள்ல எழுதி வெச்சா போதும், நாங்களே கேள்வி கேப்போம், கூட நிப்போம்.

கணக்கு வாத்தியார்:
சரியாச் சொன்னீங்கம்மா. சார், நாலஞ்சு சின்ன பள்ளிக்கு சேத்து பதிவு பண்ண ஒரு ஆள் கேளுங்க, அது நியாயம். ஆப்பே வேணாம்னா மறுபடி ரிஜிஸ்டரத் தூக்கிட்டு பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸுக்கு அலையணும்.

ஈராசிரியர் பள்ளி:
ஆப் வேணாம்னு நான் எங்க சொன்னேன்? அந்த ஆள போடுங்க, ஒரு தடவ ஏத்தினத மறுபடி வாட்ஸ்அப்ல எக்ஸெல் ஷீட்டா கேக்காதீங்க. அம்மா கேட்ட தாள அடுத்த கூட்டத்துக்கு நானே எழுதி ஒட்டறேன்.