திருக்கல்லறை ஆலயத்தில் எது எந்தக் காலத்துக் கல்?

காந்தல்பங்கு:
எங்கள் பங்கிலிருந்து எருசலேமுக்குத் திருப்பயணம் கிளம்புகிறார்கள். ஊட்டி காந்தல் குருசடியில் மே 3 அன்று, சிலுவை கண்டெடுத்த நாளாக, திருவிழா கொண்டாடுகிறவர்கள் என்பதால் சிலுவை கண்டெடுத்த இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இயேசு அறையப்பட்ட இடமும் கல்லறையும் உள்ள திருக்கல்லறை ஆலயத்துக்குள் ஒன்றரை மணி நேரம்தான். எந்த வரிசையில் போகலாம்? இன்னொன்று: இயேசு நகர வாயிலுக்கு வெளியே பாடுபட்டார் என்கிறது எபிரேயர் 13:12. ஆலயமோ மதிலுக்குள் இருக்கிறதே?

குன்னூர்_வாசகர்:
இப்போதுள்ள மதில் 16-ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமான் கட்டியது. இயேசு காலத்தில் இந்த இடம் மதிலுக்கு வெளியேதான். கி.பி. 41–44-இல் யூதேயாவை ஆண்ட ஏரோது அகிரிப்பா புது மதில் எழுப்பிய பிறகே ஊருக்குள் வந்தது. சான்று ஆலயத்துக்குள்ளேயே உண்டு. கல்லறைக்குப் பின்னால், மேற்கே, கரி படிந்த சிரியன் சிற்றாலயம். அதன் ஓரத்தில் குனிந்து நுழைந்தால் பாறையில் குடைந்த பழைய யூதக் கல்லறைகள். யூதர்கள் ஊருக்குள் அடக்கம் செய்வதில்லை. உள்ளே கும்மிருட்டு, டார்ச் வேண்டும். வழிகாட்டி தாண்டிப் போனால் விடாதீர்கள்.

கோத்தகிரி_கல்தச்சு:
ஒரே கட்டடம் என்று நினைத்துப் போனால் குழப்பம்தான். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கட்டிய கோயிலை இடித்துவிட்டு, பின்வந்த பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுப்பிய ஆலயம் 335-இல் அர்ச்சிக்கப்பட்டது. கிழக்கே பெரிய பசிலிக்கா, நடுவே முற்றம், மேற்கே கல்லறையைச் சுற்றிய வட்ட மண்டபம். 1009-இல் எகிப்தை ஆண்ட கலீபா அல்-ஹாக்கிம் இடித்தார். பைசாந்தியப் பேரரசர் செலவில் 1048 வாக்கில் வட்ட மண்டபம் மீண்டது, பசிலிக்கா போனது போனதுதான். கிழக்கே இருந்த வாசல் இன்று தெற்கில் இருப்பது அதனால்தான். அந்த முகப்பு சிலுவைப்போர்க்காரர்கள் வேலை, 12-ஆம் நூற்றாண்டு.

கல்லறை மேலுள்ள சிறு மண்டபம் 1808 தீவிபத்துக்குப் பின் 1810-இல் கிரேக்கர்கள் கட்டியது. அதைப் பார்த்து ‘எல்லாமே புதுசு’ என்று சொல்லிவிட வேண்டாம். 2016 அக்டோபரில் கல்லறைப் படுக்கையின் மேல் பளிங்கை நகர்த்தியபோது, சிலுவை செதுக்கிய உடைந்த பலகை ஒன்று அடியில் இருந்தது. அதன் சாந்து சுமார் 345-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சோதனையில் தெரிந்தது.

குன்னூர்_வாசகர்:
வரிசைக்கு வருகிறேன். அதிகாலையிலேயே கல்லறைக்குப் போய்விடுங்கள். உள்ளே ஒரு தடவைக்கு மூன்று நான்கு பேர்தான் நிற்க முடியும், நேரமானால் வரிசையிலேயே ஒன்றரை மணியும் போய்விடும். அடுத்து, பின்னாலுள்ள சிரியன் சிற்றாலயம். பிறகு கிழக்கே படியிறங்கி, அர்மேனியர் பொறுப்பிலுள்ள புனித எலேனா (கான்ஸ்டன்டைனின் தாய்) சிற்றாலயம். படிச்சுவர் முழுக்கச் செதுக்கிய சின்னச் சின்னச் சிலுவைகள், தொட்டுத் தேய்க்காதீர்கள். அதற்கும் கீழே, பழைய கல்குவாரிக் குழியில், சிலுவை கண்டெடுத்த இடம். இயேசுவைச் சிலுவையில் அறைந்த கல்வாரி, வாசலுக்கு வலப்புறமே இருப்பதால் கடைசியில் ஏறலாம். படி குறுகல், செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் கீழேயே ஆதாம் சிற்றாலயத்தில் கண்ணாடி வழியாகக் கல்வாரிப் பாறையின் வெடிப்பைப் பார்த்துக்கொள்ளலாம்.

கூட வரும் பாதர் திருப்பலி வைப்பதென்றால், அங்கே கத்தோலிக்கர் பகுதியைக் கவனிக்கும் பிரான்சிஸ்கன் சபையினரிடம் முன்பதிவு கட்டாயம். ஒவ்வொரு சபைக்கும் இடமும் நேரமும் பிரித்திருக்கிறார்கள். அங்கே போய்க் கேட்டுப் பயனில்லை.