மறுமொழி: கதை நிகழும் இடமும் காலமும் - ‘நிலம்பொழுது’ என்று வைக்கலாமா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம். நம் இலக்கியக் கலைச்சொல் பட்டியலில் ‘setting’ என்பதற்கு, அதாவது கதை நிகழும் இடத்தையும் காலத்தையும் சேர்த்துச் சொல்ல, ‘நிலம்பொழுது’ என்று வைக்கலாம் என்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ‘பின்னணி’ போதுமே, எல்லோருக்கும் புரிகிறது.

புரிகிறது, சரி. ஆனால் பின்னணி என்றதும் மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைதான் மனதில் வருகிறது. திரையை மாற்றினாலும் நாடகம் அப்படியே நடக்கும். நல்ல கதையில் அது நடக்காது.

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் நடக்கக்கூடிய கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன கணவர் பர்மாவில் இருக்கிறார். மூன்று வருடக் கணக்கு முடிந்தும் ஊர் திரும்பவில்லை. அவர் மனைவி, ஆச்சி, காத்திருக்கிறார். இது 1932 என்றால் கப்பல் ஓடுகிறது, தபால் வருகிறது. அவர் வராததற்குக் காரணம் அவரிடமே இருக்க வேண்டும்: வசூலாகாத கடன், பங்காளித் தகராறு, அங்கே இன்னொரு குடும்பம். அதையே 1942 ஏப்ரலுக்கு நகர்த்துங்கள். மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. ஜனங்கள் மலைவழியாக அசாமுக்கு நடக்கிறார்கள். ஆச்சியின் கோபம் பயமாகிவிடுகிறது. நிகழ்ச்சி ஒன்றுதான், கதை வேறு.

இடமும் இதே வேலையைச் செய்கிறது. பர்மாவிலிருந்து நடந்து வந்து சேர்ந்த ஒருவர் வீட்டின் முன்பகுதியான முகப்பில் உட்கார்ந்து ஆண்களிடம் செய்தி சொல்கிறார். ஆச்சி வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் இருக்கிறார். அந்தச் செய்தி நடுவில் முற்றத்தோடு இருக்கும் வளவைத் தாண்டி உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகும், வழியில் யார் எதை மறைப்பார்கள் என்பதிலேயே கதைப்பின்னல் (plot) பிறந்துவிடுகிறது. ஒற்றை அறை வாடகை வீட்டில் இந்த ரகசியம் ஒரு நிமிடம்கூட நிற்காது.

> அப்படியானால் ‘கதைக்களம்’?

இடத்துக்கு நல்ல சொல். காலம் அதில் இல்லை. தவிர, சினிமா விமர்சனங்களில் ‘புதிய கதைக்களம்’ என்றால் கதை எதைப் பற்றியது என்றே ஆகிவிட்டது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே ‘முதல்’ என்கிறது. இந்தச் சேர்க்கைதான் நமக்கு வேண்டியது. ‘முதற்பொருள்’ என்றே வைக்கலாம் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் ஊரில் முதல் என்றால் தொழிலில் போட்ட பணம். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு முதலாவது என்றே படும்.

‘நிலப்பொழுது’ என்றால் நிலத்தினுடைய பொழுது என்றாகிவிடும். நிலமும் பொழுதும் என்ற பொருள் வர ஒற்று மிகாமல் ‘நிலம்பொழுது’ என்பதே சரி. தொல்காப்பிய நூற்பாவிலும் அப்படித்தான் இருக்கிறது. அங்கே பொழுது என்பது பருவமும் நாளின் வேளையும்தான். வரலாற்றுக் காலத்தையும் அதில் அடக்குவது நாம் செய்யும் விரிவு. விளக்கத்தில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

உணவு, தெய்வம், தொழில் எல்லாம் தொல்காப்பியத்தில் கருப்பொருள். இன்று அந்தச் சொல் கதையின் மையக் கருத்துக்குப் போய்விட்டது. அதைத் திரும்பப் பிடுங்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

பட்டியலுக்கு என் வரைவு:

நிலம்பொழுது: கதை நிகழும் இடமும் காலமும், அவற்றோடு சேர்ந்து வரும் வாழ்க்கைமுறையும். ‘இந்தக் கதையின் நிலம்பொழுது 1942-இன் செட்டிநாடு.’

‘கதைப்பின்னல்’ பற்றி யாருக்கும் மறுப்பு இல்லை என்றால் இரண்டையும் ஒன்றாகவே சேர்த்துவிடலாம்.